ஆடாத குழுவும் எட்டாவது பாட்டும்

முதல் ஆல்பத்தை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். நாலு பேர், ஒரு அறை, பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமை, இவ்வளவும் இருந்தால் போதும். இரண்டாவது ஆல்பம் அப்படிப்பட்ட விளையாட்டு இல்லை. அதற்கென்று இசை நிறுவனத்தில் தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. பிரிவு என்று வந்துவிட்டால் மேலாளர் உண்டு, குழு உண்டு, படிவம் உண்டு, படிவத்தை எப்படி நிரப்புவது என்று விளக்கும் இன்னொரு படிவமும் உண்டு. அந்த இன்னொரு படிவத்தை நிரப்பத் தெரியாமல்தான் ஈரத்துணி என்ற இசைக்குழு முதல் இரண்டு வாரம் முழித்துக்கொண்டு நின்றது.

ஈரத்துணி என்ற பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன் வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் மெக்கானிக். அவனுடைய பட்டறையில், வயிற்றைத் திறந்துபோட்ட மெஷின்களுக்கு நடுவில்தான் அவர்கள் பயிற்சி எடுத்தார்கள். பாடுகிறவள் அவன் மனைவி. பகலில் ஒரு புகார் மையத்தில் ஃபோன் எடுக்கிறாள். பேஸ் கிட்டார் அவளுடைய தம்பி, கூரியர் பையன்களுக்கு மேஸ்திரி. கீபோர்டு வாசிப்பவர் பள்ளியில் அறிவியல் நடத்துகிறார், எல்லோருக்கும் அவர் வாத்தி. இவர்கள் வாசிப்பதற்கு மாற்று நடன இசை என்று பெயர். கிட்டாரும் இருக்கும், மெஷின் தாளமும் இருக்கும்; பாட்டைக் கேட்டால் அழுகை வரும், அழுதுகொண்டே ஆடவும் வரும்.

மெக்கானிக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உட்கார்ந்தால் அவனுக்குக் கால் ஆடும். சின்ன வயதில் அம்மா தொடையில் கிள்ளிப் பார்த்தாள், பள்ளியில் ஸ்கேலால் தட்டிப் பார்த்தார்கள், பெண் பார்க்கப் போன இடத்தில் அப்பா மேஜைக்கு அடியில் மிதித்தே பார்த்தார். எதற்கும் மசியவில்லை. டிரம்ஸுக்கு முன்னால் உட்கார்ந்த அன்றைக்குத்தான் அந்தக் காலுக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது.

முதல் ஆல்பம் வெளிவந்து, ஊரெல்லாம் அதற்கு ஆடித் தீர்த்த பிறகு நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

"தங்கள் முதல் ஆல்பம் எதிர்பாராத வெற்றி அடைந்திருப்பது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. இது எவ்வாறு நேர்ந்தது என்பது குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்."

"பாராட்டித்தானே எழுதியிருக்காங்க?" என்றான் மெக்கானிக்.

மனைவி கடிதத்தை ஒரு முறை படித்தாள். "இல்லீங்க. இந்த மாதிரி தினம் நூறு பார்க்கறேன். பாராட்டற மாதிரி ஆரம்பிக்கும், கடைசி வரில கழுத்தைப் பிடிக்கும்."

வாத்திதான் பதில் எழுதினார். மாணவர்களின் மன்னிப்புக் கடிதம் எத்தனை வாசித்திருப்பார்! 'தெரியாமல் நடந்துவிட்டது. இனி நடக்காது' என்று இரண்டே வரி. நிறுவனத்துக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இவ்வளவு பக்குவமான கலைஞர்களை இரண்டாவது ஆல்பத்துக்கு வரச்சொல்லியே ஆகவேண்டும் என்று மறுவாரமே கூப்பிட்டார்கள்.

இரண்டாம் ஆல்பப் பிரிவு நாலாவது மாடியில் இருந்தது. மேலாளர் அம்மாள் மேஜைமேல் ஒரு பென்சில்கூட இல்லை. எதிரே இருந்த நாலு நாற்காலியில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். மெக்கானிக்கின் கால் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

"படிவத்துல மாற்று நடன இசைன்னு போட்டிருக்கீங்க," என்றார் மேலாளர். "எதுக்கு மாற்று? மூலத்தோட நகல் இணைக்கவே இல்லையே?"

"அப்படி ஒரு மூலம் இல்லைங்க மேடம். வழக்கமா இருக்கறதுக்கு மாற்றா..." என்று இழுத்தார் வாத்தி.

"அப்போ வழக்கமா இருக்கறதை இணைச்சிடுங்க." அவர் பக்கத்தைத் திருப்பினார். "சரி, விஷயத்துக்கு வர்றேன். உங்க முதல் ஆல்பம் எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நான் கேட்டதில்ல, ஆனா பிடிக்கும். ரெண்டாவதும் அதே மாதிரி இருக்கணும். ஆனா அது மாதிரி இருந்துடக் கூடாது. முதல் ஆல்பம் அறியாமையில போடறது. ரெண்டாவதுல முதிர்ச்சி வேணும். ஜனங்க கேட்டவுடனே ஆடிட்டா அது முதிர்ச்சி இல்ல. கேட்டு, யோசிச்சு, வீட்டுக்குப் போய், அப்புறம் ஆடணும். ஆடாம விட்டாலும் பரவாயில்ல. நாங்க எதிர்பார்க்கறது தரம்."

"தரம்னா எப்படிங்க மேடம்?" என்றான் தம்பிக்காரன்.

"அது எங்களுக்குத் தெரிஞ்சா நாங்களே பாட்டுப் போட்டுட மாட்டோமா தம்பி?"

நாலு பேரும் எட்டுப் பாட்டுப் பதிவுசெய்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மேலாளர் முதல் ஏழுக்கும் முதிர்ச்சித் திருத்தம் போட்டார். வேகத்தைக் குறைக்கச் சொன்னார், குறைத்தார்கள். தாளத்தை 'பின்னால் தள்ளி வைக்க'ச் சொன்னார், அடுத்த அறையில் போய் வாசித்த மாதிரி தள்ளி வைத்தார்கள். நடுவில் மழைச் சத்தம் சேர்க்கச் சொன்னார். மழையும் பெய்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மெக்கானிக் வீட்டில் மேலும் கீழும் நடந்தான். போகட்டும், ஒன்றாவது நம்முடையதாக மிச்சமிருந்தால் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

அந்த ஒன்றுதான் எட்டாவது பாட்டு.

அது பிறந்த கதை இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேருக்கும் பெரிய சண்டை. குழுவைக் கலைத்துவிடலாம் என்கிற அளவுக்குப் போய், கலைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை வாசித்துவிடலாம் என்று உட்கார்ந்தார்கள். கோபத்தில் வாசித்தார்கள். மூன்றாவது நிமிஷத்தில் மெக்கானிக்கின் கையிலிருந்து குச்சி நழுவிப் பறந்து ஒரு மெஷினுக்குள் விழுந்துவிட்டது. விழ வேண்டிய அடி விழவில்லை. ஒரே ஒரு அடி. மற்ற மூன்று பேரும் அந்தப் பள்ளத்தில் கால் வைத்தவர்கள் போல ஒரு கணம் அப்படியே நின்று, அடுத்த அடியில் நாலு பேரும் சேர்ந்து வந்து விழுந்தார்கள். பாட்டு முடிந்ததும் மனைவி சிரித்தாள். தம்பி சிரித்தான். வாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சண்டை எதற்கு என்று அப்புறம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டுத்தான் பாட்டைப் பதிவுசெய்தார்கள்.

மேலாளர் திருத்தத் தாளில் அந்த இடத்தைத்தான் சிவப்பு மையால் சுழித்திருந்தார். 'ஒரு அடி குறைகிறது. சேர்க்கவும்.'

"சேர்க்க மாட்டோம்," என்றாள் மனைவி. புகார் மையத்தில் எட்டு வருஷமாக யாரிடமும் முடியாது என்று சொல்லாதவள், அன்றைக்குச் சொன்னாள்.

"திருத்தாம குழுவுக்குப் போனா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியாதுங்க மேடம். போகட்டும், பார்ப்போம்."

குழு என்றால் அமர்வுக் குழு. பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும். தலைவரையும் சேர்த்து ஐந்து பேர் நீள மேஜைக்குப் பின்னால் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்து நடன இசையைக் கேட்பார்கள். ஆடாமல் கேட்க வேண்டும், அதுதான் விதி. கால் கட்டைவிரல் அசைந்தால்கூட அந்த உறுப்பினர் பாட்டின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று அர்த்தம். சாய்ந்தவர் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லாதவர், எழுந்து வெளியே போய்விட வேண்டியதுதான். இதைக் கவனிக்கவே சம்பளத்துக்கு ஒரு ஆள் உண்டு. பாதக் கண்காணிப்பாளர் என்று பதவி. அந்த அம்மாள் ஒரு குட்டை ஸ்டூலில், கையில் டார்ச் விளக்கும் மடியில் பதிவேடுமாக, மேஜைக்கு அடியில் தெரியும் பத்துப் பாதங்களைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்.

ஆட்சேபம் இருந்தால் உறுப்பினர் காகிதத்தில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் சம்மதம். தீர்ப்புக்கு மூன்று பேராவது மிச்சமிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு ஒத்திவைக்கப்படும். மூன்று முறை ஒத்திவைத்தால் பாட்டுக்கு 'நிரந்தரப் பாதுகாப்பு'. அதாவது நிறுவனத்தின் குளிர்பதன அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதன்பின் அந்தப் பாட்டை எங்கேயும் வாசிக்கக் கூடாது, வீட்டில் முணுமுணுக்கவும் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை வந்து அலமாரியைப் பார்த்துவிட்டுப் போகலாம். திறந்து காட்ட மாட்டார்கள்.

மெக்கானிக்குக் கணக்குப் புரிய இரண்டு நிமிஷம் பிடித்தது. பாட்டு நன்றாக இருந்தால் கால் அசையும். கால் அசைந்தால் ஆள் வெளியே. ஆள் வெளியே போனால் பாட்டு உள்ளே பூட்டு. ஆடவே முடியாத பாட்டுத்தான் நடனப் பாட்டென்று முத்திரை வாங்கிக்கொண்டு போகும்! பல்லைக் கடித்துக்கொண்டு அவன் வாத்தியைப் பார்த்தான். வாத்தி விதிப் புத்தகத்தை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

முதல் அமர்வில் ஏழு பாட்டும் ஒரே மூச்சில் தேறின. பத்துப் பாதமும் கல்லாகக் கிடந்தன. ஒரு உறுப்பினர் லேசாகக் குறட்டைகூட விட்டார். "நல்ல முதிர்ச்சி," என்றார் மேலாளர்.

பிறகு எட்டாவதைப் போட்டார்கள். எந்தப் பாட்டையும் முதல் ஒன்றரை நிமிஷம்தான் கேட்பார்கள்; அதற்கு மேல் கேட்டால் ரசனை புகுந்துவிடும் என்று விதி. நாற்பதாவது நொடியில் டார்ச் எரிந்தது.

"மூன்றாம் உறுப்பினர். இடது குதிகால். இரண்டு முறை."

"அது தசைப்பிடிப்பும்மா! மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கேன்!"

"தாளத்துல பிடிச்சிருக்கு சார்," என்று அந்த அம்மாள் அமைதியாக எழுதிக்கொண்டார்.

மூன்றாம் உறுப்பினர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே ஐந்தாமவர். ஒன்றரை நிமிஷம் முடிவதற்குள் இரண்டாமவரும். மிச்சமிருந்தது தலைவரும் தூங்குகிறவரும் மட்டும். ஒத்திவைப்பு.

இரண்டாவது அமர்வுக்கு ஆட்களை மாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார், பூட்ஸே அசைந்தது. இன்னொருவர் காலைக் கட்டுக்குள் வைத்திருந்தார், கழுத்து ஆடிவிட்டது. கழுத்து பாதத்தில் சேருமா என்று அரைமணி நேரம் விவாதம். பாதத்தில் தொடங்கிய அசைவுதான் கழுத்தில் முடிகிறது என்று தலைவர் தீர்ப்புச் சொல்லி அவரையும் வெளியே அனுப்பினார். அன்றைக்கு நாலு பேர் காலி. தலைவர் மட்டும் சுவரில் மாட்டிய படம் போல உட்கார்ந்திருந்தார். மறுபடி ஒத்திவைப்பு.

இனி ஒன்றுதான் பாக்கி. கடைசி அமர்வுக்குத் தேதி வர நாலு மாதம் ஆனது.

அந்த நாலு மாதம் மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் பிரிவுக்கு வரச்சொல்லிக் காத்திருப்பு அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே சுவரில், 'கலைஞர்கள் கால் ஆட்டக் கூடாது. ஆட்டினால் உறுப்பினர்களைத் தூண்டியதாகக் கொள்ளப்படும்' என்று அறிவிப்பு. வேலையிலிருந்து நேராக வருகிறவன், கருவிப் பையைத் தூக்கி முழங்கால்மேல் பாரமாக வைத்துக்கொள்வான். உள்ளே ஸ்பேனர்கள் கடகடவென்று சத்தம் போடும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. வீட்டில்தான் தாங்கவில்லை. மனைவி பாடுவதை நிறுத்திவிட்டாள்.

அவள் சும்மா இருக்கிற ஆளே இல்லை. தலை துவட்டும்போது பாடுவாள், சாவியைத் தேடும்போது பாடுவாள், புகார் மையத்தில் ஆளைக் காத்திருக்க வைத்துவிட்டு மெல்ல முணுமுணுப்பாள். ஃபோனை வைக்க மனசில்லாமல் காத்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. இப்போது குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது. மெக்கானிக் ஒரு நாள் பொறுத்தான், ஒரு வாரம் பொறுத்தான். கடைசியில் சமையலறை வாசலில் போய் நின்றான்.

"ஏன் பாடறதே இல்ல?"

"வரல."

"தொண்டை சரியில்லையா?"

"தொண்டைக்கென்ன." அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "வாயைத் திறந்தா அந்த ஏழு பாட்டுல ஒண்ணு வருதுங்க. அந்த மழை பெய்யற பாட்டு. எனக்கே என் குரல் பிடிக்கல. எட்டாவது வெளிய வந்தா சரியாயிடும்னு நினைக்கறேன். அதையும் பூட்டிட்டாங்கன்னா அவ்வளவுதான், விட்டுடுவேன். வீம்புக்குச் சொல்லல. வராது."

ஆல்பம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, இவள் இப்படி மௌனமாகப் பாத்திரம் கவிழ்க்கிற வீட்டில் மனுஷன் இருக்க முடியுமா என்று அவனுக்குப் பயமாகவே இருந்தது.

"அக்கா, கவலைப்படாதே," என்றான் தம்பிக்காரன் மறுநாள். "கடைசி அமர்வுல முழுப் பாட்டையும் கேட்கணும்னு விதி இருக்காம். வாத்தி கண்டுபிடிச்சிருக்காரு."

"முழுசா கேட்டா இன்னும் நல்லா ஆடுவாங்கடா. அதுக்குத்தான் பூட்டப்போறாங்க."

வாத்தி தலையைச் சொறிந்தார். அந்தக் கோணத்தில் அவர் யோசிக்கவில்லை.

கடைசி அமர்வுக்கு நாலு பேரும் போனார்கள். காலை பதினொரு மணி. மெக்கானிக் எங்கேயோ ஒரு மெஷினை மட்டம் பார்த்துவிட்டு அப்படியே பையோடு வந்திருந்தான். உட்கார்ந்ததும் பையை முழங்கால்மேல் ஏற்றினான். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"பத்தொன்பது வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். இந்தத் தரையில என் கால் ஒரு தடவைகூட அசைஞ்சதில்ல. என் பொண்ணு கல்யாணத்துல எல்லாரும் ஆடினாங்க. என்னையும் கூப்பிட்டாங்க. நான் ஓரமா நின்னு, ஆட்சேபம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நடுநிலைமைன்னா அதுதான். ஒரு பாட்டு பிடிச்சவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பிடிக்காதவனும் சொல்லக் கூடாது. எதுவுமே தோணாதவன்தான் சொல்லணும். எனக்கு எதுவும் தோணாது. அதனாலதான் என்னைத் தலைவரா வெச்சிருக்காங்க."

மேலாளர் கைதட்டினார். முதல் அமர்வில் இருந்த அதே நாலு உறுப்பினர்களும் காலை இறுக்கி வைத்துக்கொண்டு கையை மட்டும் ஜாக்கிரதையாகத் தட்டினார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் நிமிஷத்துக்குள் இரண்டு பேர் போனார்கள். இரண்டாவது நிமிஷத்தில் இன்னும் இரண்டு பேர். அதில் ஒருவர் அந்த அம்மாள் டார்ச் அடிப்பதற்கு முன்னாலேயே தானாக எழுந்து, "ஆமாம்மா, ஆமாம், எழுதிக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். மிச்சம் தலைவர் ஒருவர். தீர்ப்புச் சொல்ல ஆள் போதாது, கதை முடிந்தது. மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் முழுப் பாட்டும் ஓட வேண்டும் என்று விதி இருந்ததால் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது நிமிஷம் வந்தது. அடி விழ வேண்டிய இடத்தில் அடி விழவில்லை.

தலைவரின் வலது கால் போய் விழுந்தது.

'டொக்' என்று சத்தம் கேட்டது. நல்ல தோல் செருப்பு. அந்தப் பள்ளத்தை அவ்வளவு சரியாக மெக்கானிக்கேகூட நிரப்பியிருக்க முடியாது. எல்லோரும் பேயறைந்த மாதிரி தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தன் காலை, அது யாருடையதோ என்பது போலப் பார்த்தார். மேலாளர் ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினார்.

டார்ச் எரிந்தது. பாதக் கண்காணிப்பாளர் எழுதிக்கொண்டே படித்தார். "தலைவர். வலது பாதம், முழுவதும். ஒரு முறை."

"நான் ஆடல," என்றார் தலைவர்.

"ஆடிச்சு சார்."

"பத்தொன்பது வருஷமா ஆடாதவன் இப்போ ஆடுவேனா? தரை ஆடிச்சு."

"சார், எழுதறதுதான் என் வேலை..."

"தரை ஆடிச்சுன்னு எழுதும்மா!"

மேலாளருக்கு வியர்த்துவிட்டது. தலைவரே தகுதியிழந்தால் குழு இல்லை. குழு இல்லாவிட்டால் பிரிவு இல்லை. பிரிவு இல்லாவிட்டால் அந்தப் பென்சில் இல்லாத மேஜையும் இல்லை. "ஒரு நிபுணர் வந்து தரையைச் சோதிச்சு சொல்லிட்டா போதும்," என்றவர் அறையைச் சுற்றிப் பார்த்து, மெக்கானிக்கின் மடியில் இருந்த பையில் பார்வையை நிறுத்தினார். "நீங்க மெஷின் மட்டம் பார்க்கறவர்தானே?"

ரசமட்டம் பையில்தான் இருந்தது. மெக்கானிக் எழுந்தான். தலைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து தரையில் வைத்தான். மேலாளரும் கூடவே குனிந்து காதோரம் பேசினார்.

"தரை ஆடுதுன்னு சொல்லிடுங்க. இன்னிக்கு அமர்வு செல்லாதுன்னு போட்டுடறேன். அடுத்த வருஷம் புதுசா தேதி தர்றேன். ஆடலன்னு சொன்னீங்கன்னா தலைவரும் போவாரு, ஒத்திவைப்பு மூணாயிடும், உங்க பாட்டை மத்தியானமே பூட்டிடுவாங்க. யோசிச்சுக்குங்க."

ரசமட்டத்தின் குமிழி நட்ட நடுவில் நின்றது. அசையவே இல்லை. இவ்வளவு சமமான தரையை அவன் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் பாட்டு போச்சு. பொய் சொன்னால் இன்னொரு வருஷம் குழாய்த் தண்ணீர்ச் சத்தம். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பொய் சொல்ல மாட்டான் என்று அவளுக்குத் தெரியும், பாவம்.

"ஆடுதுங்க," என்றான் மெக்கானிக்.

அவள் முகம் செத்துப்போனது. "என்னங்க இது?" என்று உதடு மட்டும் அசைந்தது. தம்பிக்காரன், "மாமா!" என்று கத்தியேவிட்டான்.

"பார்த்தீங்களா!" என்று தலைவர் நிமிர்ந்தார். "நான் சொல்லல?"

"நல்லாவே ஆடுது," என்றான் மெக்கானிக், ரசமட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னிக்கு நேத்து வந்த ஆட்டம் இல்லைங்க சார் இது. அஸ்திவாரக் கோளாறு. கட்டின நாள்லேர்ந்து ஆடிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். ஒரு பத்தொன்பது வருஷம் வெச்சுக்கலாம்."

"கண்டிப்பா இருக்கும்! எழுதும்மா, பத்தொன்பது வருஷமா தரை ஆடுதுன்னு எழுது!"

பாதக் கண்காணிப்பாளர் எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடாமல், எழுதினதை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலிலிருந்து எழுந்து, மூலையில் இருந்த அலமாரியைத் திறந்தார். உள்ளே வருஷத்துக்கு ஒன்றாகப் பத்தொன்பது பதிவேடுகள்.

"அப்படின்னா சார், இதுல நான் எழுதின காலெல்லாம் உறுப்பினர்களோட கால் இல்ல. தரையோட ஆட்டம்."

"ஆமா. அதுக்கென்ன?"

"அவங்க யாருமே தகுதி இழக்கல. ஆட்சேபமும் எழுதல, எழுதறதுக்கு முன்னாடியே வெளிய அனுப்பிட்டோம். எழுதாம விட்டா சம்மதம்னு விதி." அவர் முதல் பதிவேட்டைத் தூசி தட்டினார். "முந்நூத்திப் பன்னிரண்டு பாட்டு சார். எல்லாமே தேறிடுச்சு. இவங்க எட்டாவதும் முதல் அமர்வுலயே தேறியிருக்கு."

வாத்தி விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு துள்ளினார். "பதினாலாம் பக்கம்! பதினாலாம் பக்கத்துல இருக்கு!"

மேலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் அலமாரியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். ஒரு பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டு, இன்னொரு பக்கம் அவருடைய ஒரு வலது பாதம். நாற்காலியின் கைப்பிடியை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நிறுவனம்னா தன் தவறைத் திருத்திக்கணும்," என்றார். "தவறு தரையோடது. திருத்தினது நான். என் காலத்துலதான் ஒரே நாள்ல முந்நூத்திப் பன்னிரண்டு பாட்டுக்கு அங்கீகாரம் கொடுத்தோம்னு செய்திக் குறிப்பு அனுப்பிடுங்க."

மனைவி மெக்கானிக்கின் முழங்கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "ஒரு நிமிஷத்துல உயிரை எடுத்துட்டீங்க," என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவனுக்கும் நின்றது, குனிந்து ரசமட்டத்தைத் துடைக்கிற சாக்கில் துடைத்துக்கொண்டான்.

"பாட்டு பாதியில நின்னுபோச்சு," என்றார் பாதக் கண்காணிப்பாளர். "முழுசா ஓடினாத்தான் பதிவை முடிக்க முடியும்."

வெளியே நின்றிருந்த நாலு உறுப்பினர்களும், மறுபடி தகுதி வந்துவிட்டதால், உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பாட்டை முதலிலிருந்து போட்டார்கள். இரண்டு வரி ஓடியிருக்கும், மனைவி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய் நின்று கூடவே பாட ஆரம்பித்தாள். முதலில் மெல்லத்தான் பாடினாள். பிறகு புகார் மையத்தில் எட்டு வருஷமாக அடக்கி வைத்திருந்த குரலெல்லாம் வெளியே வந்தது. நாலு மாதம் கழித்து அவள் பாடிக் கேட்ட மெக்கானிக் பையை இறக்கித் தரையில் வைத்துவிட்டான். கால் அது பாட்டுக்கு ஆடியது. யாரும் அவனைத் தடுக்கவில்லை.

"தரை ரொம்ப ஆடுதே," என்றார் மூன்றாம் உறுப்பினர், இரண்டு குதிகாலும் தாளம் போட.

"இங்கேயும் ஆடுது சார். உட்காரவே முடியல," என்று எழுந்துவிட்டார் ஐந்தாமவர். எழுந்தவர் உட்காரவில்லை. வந்து உட்கார்ந்ததும் மறுபடி தூங்கிப்போனவர் விழித்துக்கொண்டு, எந்தப் பக்கம் ஆடுகிறது என்று விசாரித்து, அந்தப் பக்கமே போனார். மேலாளர் மேஜையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். மேஜையோடு சேர்ந்து இடுப்பும் போய்வந்தது. "அஸ்திவாரத்துக்கு உடனே ஒரு குழு போடணும்," என்று அவர் மூச்சுவாங்கினார். டார்ச் வெளிச்சம் மட்டும் கூரையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. பிடித்திருந்த அம்மாள் ஸ்டூலில் இல்லை.

குச்சி நழுவிய அந்த இடம் வந்தது. அறை முழுக்க ஒரே கணம் மூச்சடக்கி நின்று, அடுத்த அடியில் எல்லாச் செருப்பும் சேர்ந்து இறங்கின.

தலைவர் நாற்காலியை விட்டு மூன்றடி தள்ளி வந்திருந்தார். நெற்றியில் வியர்வை, இரண்டு கையும் தலைக்கு மேல். ஆனாலும் கடமை தவறாமல், மூச்சிரைக்க மூச்சிரைக்கக் கூட்டக் குறிப்பைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"எழுதிக்கங்க. குழு உறுப்பினர்கள் எவரும் ஆடவில்லை. தரை சென்ற பக்கமெல்லாம் ஒழுங்காக உடன் சென்றார்கள்."